அந்தப் படத்தை ஏன் நீக்கினேன்?



போன வருடம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பக்கத்திலும் ஒரு படம் போட்டேன். பத்தே நிமிடத்தில் நானே நீக்கிவிட்டேன். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். "பேரன் கையில என்னடா அது, துப்பாக்கியா?" என்று அக்கா போன் செய்தார். மாணவர்கள் சிலர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். ஏன் நீக்கினீர்கள் என்று இன்றுவரை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்று பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பாடவேளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன்.

மகன் இருப்பது பென்சில்வேனியா மாநிலம். அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் கெட்டிஸ்பர்க். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள் சண்டை நடந்த ஊர். இரு தரப்பிலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். ஆபிரகாம் லிங்கன் அதே ஆண்டு நவம்பர் 19 அன்று இரண்டு மூன்று நிமிடம் மட்டும் பேசிய புகழ்பெற்ற உரை அங்கேதான் நிகழ்ந்தது. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவன். நேரில் போய் நின்றபோது புல்வெளியும் கல்தூண்களும் பீரங்கிகளும் அமைதியாக இருந்தன.

அந்த நாட்டில் இந்தப் போரை நடித்துக் காட்டுகிற குழுக்கள் உண்டு. திருவிழா மாதிரி ஒரு பண்ணை நிலத்தில் கூடாரம் போடுகிறார்கள். ஆடி மாத வெயில் போன்ற வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அணிவகுக்கிறார்கள். பொத்தான் முதல் பூட்ஸ் வரை அந்தக் காலத்து மாதிரியே இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம். மகனோடு வேலை செய்கிறவர் ஒருவர் அப்படி ஒரு குழுவில் இருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர். சனி, ஞாயிறு வடக்குப் படையின் குதிரை வீரர்.

அவர் ஒரு நாள் சாப்பிட வந்தார். மகன் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு பழைய காலத்து ரிவால்வர் நகல் மாட்டியிருந்தது. நண்பர் தன்னுடையதையும் கொண்டு வந்திருந்தார். காலியாக இருக்கிறது என்று முதலில் எல்லாருக்கும் காட்டிவிட்டு, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் 1851 ஆம் ஆண்டின் கோல்ட் நேவி என்ற ரிவால்வரின் நகல். எட்டுப் பட்டைக் குழாய், மரப்பிடி, பித்தளைக் காப்பு. "இதில் ஒன்று சுடும், ஒன்று சுடாது. நீங்கள் ஆசிரியர் ஆயிற்றே, எது என்று சொல்லுங்கள்" என்றார்.

கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் கனம். தைரியமாக ஒன்றைக் காட்டினேன். தப்பு.

நான் காட்டியது மகனுடையது. துத்தநாகக் கலவை உலோகத்தில் வார்த்த அலங்காரப் பொருள். மற்றது எஃகில் செய்தது, இத்தாலியில் பிரெசியா பகுதியில் தயாரானது. அங்கே கார்தோனே என்ற ஊரில் 1500களிலிருந்தே துப்பாக்கிக் குழாய் செய்கிற தொழில் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961 இல் வந்தது. அதை ஒட்டிப் பழைய ரிவால்வர்களுக்குக் கிராக்கி ஏற்பட, அசலைப் பார்த்து அச்சு அசலாகப் புதிது செய்யும் தொழில் அந்தப் பகுதியில் வளர்ந்தது. அவை பொம்மை அல்ல. மருந்து போட்டால் 1851 இல் எப்படிச் சுட்டதோ அப்படியே சுடும்.

அது சுடும் விதத்தையும் அவர் விளக்கினார். தோட்டா என்று தனியாக ஒன்று கிடையாது. சுழலும் உருளையில் ஆறு அறை. ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழாயின் கீழே இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். பின்பக்கம் ஒரு சிறிய முளை. அதன் தலையில் செம்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். நாம் தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்து அடிப்போமே, அதே தத்துவம்தான். சுத்தியல் விழுந்து தொப்பி பொறி கக்கினால் உள்ளே மருந்து பற்றும். ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்கக் குண்டின் மேல் கொழுப்புப் பூசுவார்கள். இப்படி ஆறையும் நிரப்ப நிமிடக் கணக்கில் ஆகும்.

என் பேரனுக்குப் பத்து வயது. சினிமாவில் ஒரே துப்பாக்கியால் நாற்பது பேரைச் சுடுவதைப் பார்த்து வளர்ந்தவன். "தாத்தா, ஆறு தடவை சுட்டதும் எதிரி பக்கத்துல வந்துட்டா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டான். முப்பத்தைந்து வருட வேலையில் இப்படி ஒரு கேள்வியை மாணவனிடமிருந்து வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நகலின் பயன் இதுதான். அசல் ரிவால்வர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், தொட முடியாது. 170 வருடப் பழசைச் சுட்டுப் பார்த்தால் அதுவும் கெடும், கையும் போகலாம். நகல் இருப்பதால்தான் அந்தக் கனத்தையும் தாமதத்தையும் ஒரு பையன் கையால் உணர முடிகிறது. போர் என்றால் சினிமா இல்லை என்று நான் பத்துப் பாடம் நடத்தியும் புரியாதது அந்த ஒரு மேசையில் புரிந்தது.

இந்த இடத்தில் ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் கொடுத்துவிடுகிறேன். நம் பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜாக்சன் துரைக்கு மரத்தில் நானே துப்பாக்கி செதுக்கி, ஷூ பாலிஷ் தேய்த்துக் கொடுப்பேன். அதில் சுழலும் உருளை இருக்கும். கட்டபொம்மனை ராமநாதபுரத்தில் ஜாக்சன் சந்தித்தது 1798. சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1836. அப்படியானால் ஜாக்சன் துரை கையில் இருந்தது இன்னும் பிறக்காத துப்பாக்கி! நடித்த பிள்ளைகள் மன்னிக்கவும். நகல் தப்பாக இருந்தால் பாடமும் தப்பாகிவிடும். அதனால்தான் அந்த நடிப்புக் குழுக்காரர்கள் பொத்தானுக்குக்கூடச் சண்டை போடுகிறார்கள்.

இனி படத்தின் கதை.

மறுநாள் மாலை நல்ல வெளிச்சம். "வாடா, உன்னை லிங்கன் காலத்துச் சிப்பாய் மாதிரி படம் எடுக்கிறேன்" என்று பேரனை அழைத்தேன். சுவரிலிருந்து மகனின் நகலை எடுத்துக் கொடுத்தது நான். வீட்டு முன்புறப் புல்தரைக்குக் கூட்டிப் போனது நான். "கையை நீட்டிப் பிடி, ரோட்டைப் பார்த்து" என்று சொன்னதும் நான்தான். இரண்டு படம் எடுத்தேன். நல்லதாக ஒன்றை உடனே அனுப்பினேன்.

உள்ளே மருமகளின் போன் அடித்தது. அடுத்த நிமிடம் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். பையன் கையிலிருந்ததைப் பிடுங்கித் தன் துப்பட்டாவில் சுற்றி, அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். "மாமா, நீங்களும் உள்ள வாங்க, ப்ளீஸ்" என்றாள். அவள் கை நடுங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

போன் செய்தவர் எதிர்வீட்டு அம்மாள், என் வயதுக்காரர். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். போலீஸை அழைக்கப் போனை எடுத்தவர், பக்கத்தில் என் வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் இந்த வீட்டுத் தாத்தா என்று தெரிந்து, முதலில் மருமகளைக் கூப்பிட்டிருக்கிறார். நான் வேட்டி கட்டாமல் பேன்ட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில ராத்திரி நினைத்துக்கொள்கிறேன்.

இரவு மகன் என்னைத் திட்டவில்லை. கிளீவ்லாந்தில் நடந்ததைச் சொன்னான். 2014 நவம்பர் 22. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பூங்காவில் பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். நிஜக் கைத்துப்பாக்கி போலவே இருக்கும் நகல் அது. பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நுனி அதில் இல்லை. போலீஸுக்குப் போன் செய்தவர், அது அநேகமாகப் பொய்த் துப்பாக்கியாக இருக்கும், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி சம்பவ இடத்துக்குப் போன காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பையன் இறந்தான். அவன் கறுப்பினப் பிள்ளை. நம் பிள்ளைகளும் அந்த ஊரில் மாநிறப் பிள்ளைகள்தான் என்பதை மகன் சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன்.

படத்தை அந்த ராத்திரி நீக்கவில்லை. மருமகள் உள்ளே அழைத்த உடனேயே நீக்கிவிட்டேன். காரணம் மட்டும் ராத்திரிதான் முழுதாகப் புரிந்தது.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். நகல் துப்பாக்கி சேகரிப்பது தவறில்லை. ஆனால் அது நகல் என்பது அதை வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். எதிர்வீட்டாருக்குத் தெரியாது, போலீஸுக்குத் தெரியாது, எனக்கே மேசையில் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. ஆகவே தெரியப்படுத்தும் கடமை முழுவதும் வைத்திருக்கிறவருடையது. அறிவியல் அறையில் நான் அடிக்கடி சொல்வேன்: சீட்டு ஒட்டாத புட்டியில் தண்ணீரே இருந்தாலும் அமிலம் என்றே நினைத்துக் கையாள வேண்டும். இதுவும் அப்படித்தான்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். ஓரளவுதான். அமெரிக்காவில் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி பொம்மைத் துப்பாக்கிக்கு ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டும். ஆனால் 1898க்கு முன் உருவான பழைய துப்பாக்கிகளின் சுடாத சேகரிப்பு நகல்களுக்கு அந்த விதி இல்லை. மகன் வீட்டுச் சுவரில் இருந்ததற்கு ஆரஞ்சு நுனி இல்லாததன் காரணம் இதுதான். பிரிட்டனில் 2006 இல் கொண்டுவந்த சட்டம் நிஜம் போலிருக்கும் நகல்களை விற்கத் தடை போட்டது. அதிலும் அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், வரலாற்று நடிப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 1870க்கு முந்தைய அமைப்புள்ளவை அந்தத் தடைக்குள்ளேயே வராது. சட்டம் எழுதியவர்கள் நியாயமாகத்தான் கோடு கிழித்திருக்கிறார்கள். பழைய ரிவால்வரைத் தூக்கிக்கொண்டு யாரும் கொள்ளையடிக்கப் போவதில்லை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இது 1851 மாடலா, இன்றைய மாடலா என்று எப்படித் தெரியும்?

இன்னொரு ஆபத்து 'நகல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நாம் அந்தச் சொல்லைக் கேட்டதும் சுடாது என்று நினைத்துக்கொள்கிறோம். 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்ற படத்தின் ஒத்திகையில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பாய்ந்து இறந்தார், இயக்குநருக்கும் காயம். அந்த ரிவால்வர் இத்தாலியில் செய்த பழைய மாடல் நகல்தான். நகல் என்றால் நிஜத் தோட்டா அதற்குள் போகாது என்று அர்த்தமில்லை. போலித் தோட்டா மட்டும் இருக்க வேண்டிய இடத்துக்கு நிஜத் தோட்டா வந்திருந்தது. ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்த இளம்பெண்ணுக்கு 2024 இல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

போர் நடிப்புக் குழுக்கள் இதில் கண்டிப்பானவை. களத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு ஆயுதத்தையும் பார்வையிடுவார்கள். மருந்து மட்டும்தான், குண்டு அறவே கிடையாது. எதிரே நிற்கிறவரை நேராகக் குறிபார்க்க அனுமதி இல்லை. அந்த நண்பர் மேசைமேல் வைப்பதற்கு முன் காலி என்று காட்டினாரே, அது அந்தப் பழக்கம். நிஜமாகச் சுடுகிற துப்பாக்கி வைத்திருந்தவர் ஒழுங்காக இருந்தார். சுடவே சுடாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தப்புச் செய்தது படித்த வாத்தியார். சுடாது என்ற தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

சீட்டு ஒட்டுவது என்றேன். அது பாதுகாப்போடு முடிவதில்லை, வரலாற்றுக்கும் வேண்டும். பித்தளை உடம்போடு 'தெற்குப் படை ரிவால்வர்' என்று ஒரு நகல் விற்பனையில் இருக்கிறது. பார்க்கத் தங்கம் மாதிரி பளபளக்கும். அதன் கதை என்ன? போரில் தெற்கு மாநிலங்களுக்கு கோல்ட் துப்பாக்கி கிடைக்கவில்லை. ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் - கன்னிசன் என்ற பட்டறை 1862 முதல் 1864 வரை கோல்ட் நேவியைப் பார்த்து ஏறத்தாழ 3,700 ரிவால்வர்களைச் செய்தது. எஃகும் இரும்பும் பற்றாக்குறை. அதனால் உடம்பு பித்தளை. 1864 நவம்பரில் வடக்குப் படை அந்த இடத்தைக் கொளுத்தியது. ஆக இன்று விற்பது நகலின் நகல். அந்தப் பட்டறையில் வேலை செய்த 24 பேரில் 22 பேர் அடிமைகள். தங்களை அடிமையாகவே வைத்திருக்கப் போரிடும் படைக்குத் தங்கள் கையாலேயே துப்பாக்கி செய்ய வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர், அந்த 22 பேரையும் சேர்த்து விருந்தாளிக்குச் சொன்னால் அது வரலாறு. சொல்லாவிட்டால் அது வெறும் பளபளப்பு.

ஏமாற்று வேலை ஒன்றும் இருக்கிறது. இத்தாலிய நகல்களில் சோதனை முத்திரை, தயாரித்த ஆண்டின் குறியீடு, கருமருந்துக்கு மட்டும் என்ற எழுத்து எல்லாம் பொறித்திருப்பார்கள். சிலர் அதை அரத்தால் தேய்த்து எடுத்து, அமிலம் பூசித் துருப்பிடிக்க வைத்து, தாத்தா காலத்து அசல் என்று விற்றுவிடுகிறார்கள். நகல் தன்னை நகல் என்று சொல்லும் வரைதான் மரியாதை. வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது வாங்குவதானால் முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள்கள். இதையும் வாத்தியார் புத்தி என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். பக்கத்தில் என்ன மாடல், எந்த ஆண்டு, சுடுமா சுடாதா என்று எழுதி வையுங்கள். வாசற்படி தாண்டி வெளியே கொண்டு போகாதீர்கள். கொண்டு போக வேண்டியிருந்தால் பெட்டிக்குள், மூடி. ஊரிலிருந்து அப்பா அம்மா, மாமனார் மாமியார் வந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தீபாவளித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த தலைமுறை.

ஊரில் இருக்கும் உறவுகளே, "வரும்போது எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். விமானத்தில் கைப்பையில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன. காட்சிப் பொருள்தானே என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலை பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பேரக்குழந்தைகளின் படம் போடும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பிறகு பின்னணியில் யார் வீட்டு ஜன்னல் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் எதிர்வீட்டு அம்மாளுக்கு மருமகள் செய்த முறுக்கு ஒரு டப்பா கொண்டு போய்க் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பையன் நன்றாக இருக்கிறானா என்று கேட்டார்.

அந்த நகல் இப்போது மகன் வீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கீழே ஒரு அட்டையில் பேரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறான்: "கோல்ட் நேவி 1851, நகல், சுடாது, தொடாதே." தமிழ் எழுத்தில் 'ழி', 'ளி' பிழை இல்லாமல் எழுத இன்னும் பழக வேண்டும். அடுத்த பயணத்தில் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டது. போகலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்